ஆற்றில் ஒரு நாள்: சுண்ணாம்பாறா, பிச்சாவரமா?

கேள்வி, 2 ஜனவரி 2025

ஈரோட்டிலிருந்து பொங்கல் விடுமுறைக்குப் புதுச்சேரி வருகிறோம், நான்கு நாள். அப்பாவுக்கு 72, அம்மாவுக்கு 68, மகளுக்கு ஏழு. அதில் ஒரு நாள் முழுக்க ஆற்றில் படகு, வேறெதுவும் வேண்டாம் என்று ஆசை. சுண்ணாம்பாறா, பிச்சாவரமா? பிச்சாவரம் போய்வந்த நண்பர் ஒருவர், "ஒரு மணி நேரத்தில் முடிந்துவிட்டது, இதற்கா இவ்வளவு தூரம்" என்கிறார். படகுப் பயணம் என்றாலே இப்படித்தானா?

2 ஜனவரி, இரவு

நான் கடலூர் முதுநகர். உப்பனாற்றங்கரையில் பிறந்தவன். அப்பா துறைமுகத்தில் வேலை. கப்பல்கள் வெளியே கடலில் நங்கூரம் போட்டு நிற்கும், தோணிகள் போய்ச் சரக்கை ஏற்றி இறக்கி வரும். அந்தத் தோணிகளைப் பார்த்தே வளர்ந்தேன். அக்கரை போவதென்றாலும் எங்களுக்குத் தோணிதான்.

உங்கள் நண்பர் சொன்னது பொய் இல்லை. படகில் உட்காரும் நேரம் ஒரு மணிதான். ஆனால் அவர் மோட்டார் படகில் போயிருப்பார். மோட்டார் படகு பிச்சாவரத்தின் அகலமான நீர்ப்பரப்பில் ஒரு வட்டம் அடித்துத் திரும்பிவிடும். சத்தத்தில் பறவை பறந்துவிடும், பக்கத்தில் இருப்பவர் பேசுவதும் கேட்காது. அலையாத்திக் காட்டுக்குள், அதாவது உப்பங்கழி நீரில் வளரும் மரக்காட்டுக்குள், இருக்கும் குறுகிய கால்வாய்களில் நுழைவது துடுப்புப் படகுதான். பார்க்க வேண்டியது அங்கேதான் இருக்கிறது.

இருந்தாலும் உங்களுக்குச் சுண்ணாம்பாறு போதும் என்று நினைக்கிறேன். புதுச்சேரியிலிருந்து கடலூர் சாலையில் எட்டு கிலோமீட்டர், நோணாங்குப்பம் பாலத்தை ஒட்டிப் படகுக் குழாம். அங்கிருந்து உப்பங்கழி வழியாக இருபது நிமிடம் போனால் முகத்துவாரத்து மணல்திட்டு, பாரடைஸ் பீச். ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் கடல். பெரியவர்களுக்கு அலைச்சல் இல்லை. போகிற வழியில் அரிக்கமேட்டையும் பார்த்துவிடலாம்.

பிச்சாவரம் என்றால் புதுச்சேரியிலிருந்து 75 கிலோமீட்டர் அளவுக்கு வரும். கடலூர், பரங்கிப்பேட்டை பக்கம், கிள்ளை. பெரியவர்களோடு போக வர நாலு மணி நேரம் காரிலேயே போய்விடும்.

3 ஜனவரி

நேற்று எழுதியதில் ஒரு தவறு. சுண்ணாம்பாற்றில் படகில் போனால் அரிக்கமேடு வராது. அது அரியாங்குப்பம் ஆற்றின் கரையில், காக்காயந்தோப்புப் பக்கம். இரண்டும் சங்கராபரணியின் கிளைகள் என்பதால் அவசரத்தில் ஒன்றாக்கிவிட்டேன். செஞ்சி மலைப் பக்கம் பிறந்து, வீடூர் அணை, வில்லியனூர் வழியாக வரும் சங்கராபரணி, கடலை நெருங்கும்போது பிரிந்துவிடுகிறது. அரிக்கமேட்டுக்குச் சாலை வழியாகத்தான் போக வேண்டும்.

போனால் பெரிதாக எதுவும் நிற்காது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு பழைய கட்டடத்தின் சுவர், மாமரங்கள், ஆறு. 1945-இல் மார்டிமர் வீலர் தோண்டிய இடம். ரோமானிய மதுச் சாடிகளின் உடைசல்களும், இத்தாலியில் செய்த சிவப்புப் பாத்திரத் துண்டுகளும், இங்கேயே செய்த மணிகளும் கிடைத்தன. நம் ஊர் ஆற்றுமுகத்தில் ஈராயிரம் வருடத்துக்கு முன்னால் சாடி இறங்கியிருக்கிறது. எனக்கு அந்தக் கரையில் உட்கார்ந்தால் அப்பாவின் தோணி நினைவுதான் வரும். கப்பல் எவ்வளவு பெரிதானாலும் கடைசிக் கொஞ்ச தூரத்துக்குச் சின்னப் படகு வேண்டும்.

உங்கள் மகளுக்கு அந்த இடம் பிடிக்குமா என்று தெரியவில்லை. பெரியவர்களுக்குப் பிடிக்கலாம்.

3 ஜனவரி, மதியம்

பாரடைஸ் பீச்சில் குழந்தையைக் கடலில் இறக்காதீர்கள். இதைத் தனியாக எழுதுகிறேன், மற்றதோடு சேர்ந்து காணாமல் போகக்கூடாது. ஆறு கடலில் விழும் இடத்தில் மணல் அடிக்கடி இடம் மாறும். நேற்று முழங்கால் ஆழம் இருந்த இடம் இன்று பள்ளமாக இருக்கும். இழுவையும் உண்டு. கரையில் மணல்வீடு கட்டட்டும், கால் நனைக்கட்டும். அதற்கு மேல் வேண்டாம்.

5 ஜனவரி

"எந்த நேரம் போக வேண்டும்" என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். எல்லோரும் வெயிலை வைத்துப் பதில் சொல்வார்கள். நான் தண்ணீரை வைத்துச் சொல்கிறேன்.

கழிமுகத்து நீர் ஒரே மட்டத்தில் நிற்பதில்லை. கடல் ஏறும்போது உள்ளே வரும், இறங்கும்போது வெளியே போகும். படகோட்டிகள் ஏறுவதை 'வெள்ளம்' என்பார்கள், இறங்குவதை 'வத்தம்' என்பார்கள். ஒரு ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் நடுவே சுமார் 12 மணி 25 நிமிடம். அதனால் ஒவ்வொரு நாளும் ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப் போகும். இன்று எட்டு மணிக்கு ஏறி நின்றால் நாளை எட்டே முக்காலைத் தாண்டித்தான். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றமும் அதிகம், வற்றமும் அதிகம்.

நம் கரையில் இந்த வித்தியாசம் பெரிதில்லை, ஒரு மீட்டருக்குள்தான். குஜராத்தின் காம்பத் வளைகுடாவில் இருப்பதில் பத்தில் ஒரு பங்கு இருக்கும். ஆனால் பிச்சாவரத்துக் கால்வாய்கள் பல இடத்தில் இடுப்பளவு ஆழம்தான். அதில் இரண்டடி குறைந்தால் என்ன ஆகும்? குறுகிய கால்வாய்க்குள் படகு போகாது. போனாலும் சேற்றில் உட்காரும். நான் ஒரு முறை உச்சிவெயிலில் அப்படி முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருக்கிறேன். படகோட்டி இறங்கித் தள்ளினார், நானும் இறங்கித் தள்ளினேன். செருப்பு ஒன்று சேற்றுக்குள் போனது போனதுதான்.

ஆகவே படகுத்துறைக்கு முன்கூட்டியே போன் போட்டால் "டிக்கெட் எவ்வளவு" என்று கேட்கும் முன் "வெள்ளம் எப்போது ஏறும்" என்று கேளுங்கள். அங்கே தினமும் துடுப்பு போடுகிற ஆளுக்கு அது கடிகாரம் பார்க்காமலே தெரியும்.

7 ஜனவரி

16-ஆம் தேதி காணும் பொங்கல். அன்று மட்டும் எந்தப் படகுத்துறைக்கும் போகாதீர்கள். வரிசையிலேயே பாதி நாள் போய்விடும்.

8 ஜனவரி

லைஃப் ஜாக்கெட் பற்றிக் கேட்டவருக்கு: கொடுப்பார்கள். கொடுத்ததை அப்படியே மாட்டிக்கொள்ளாமல் கொக்கி பூட்டுகிறதா என்று பாருங்கள். வேறொரு ஊரில், ஊர்ப் பெயர் வேண்டாம், என் அக்கா மகனுக்குக் கொடுத்ததில் கொக்கி உடைந்து கயிற்றால் கட்டியிருந்தார்கள். பெரியவர்கள் அளவில் இருந்ததால் பையன் கையைத் தூக்கினால் ஜாக்கெட் தலை வழியாகக் கழன்று வந்தது. வேறு கேட்டு வாங்கும்வரை படகில் ஏறவில்லை. பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். முணுமுணுக்கட்டும். குழந்தைக்கு ஜாக்கெட் பொருந்துகிறதா என்று பார்க்க, தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். காதைத் தாண்டி வந்தால் அது பெரிது.

11 ஜனவரி, இரவு

கேள்வி கேட்டவருக்காக என்று சொல்ல மாட்டேன், ஆனால் இந்த இழைதான் காரணம். இன்று அம்மாவை அழைத்துக்கொண்டு பிச்சாவரம் போய்வந்தேன்.

அம்மாவுக்கு 74. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு அவர் படகில் கால் வைத்ததில்லை. அன்று எங்கள் வீட்டுக்குள் தண்ணீர் வரவில்லை. ஆனால் அம்மா கூடப் படித்தவர்கள், மீன் வாங்கிப் பழகியவர்கள், தேவனாம்பட்டினத்திலும் சோனாங்குப்பத்திலும் இருந்தவர்கள் போனார்கள். போன மாதம்தான் இருபது வருடம் ஆனது. கடற்கரைக்கு வருவார், தூரமாக உட்காருவார். படகு என்றால் "நீங்க போயிட்டு வாங்க" என்பார். நேற்று இரவு இங்கே எழுதியதை எல்லாம் அவருக்குப் படித்துக் காட்டினேன். "துடுப்புப் படகுன்னா வரேன். மோட்டாருன்னா வரமாட்டேன்" என்றார். ஏன் என்று நான் கேட்கவில்லை.

காலை ஆறு மணிக்குக் கிளம்பினோம். எட்டரைக்குப் படகில் ஏறியபோது, ஏழு மணி வாக்கில் ஏறி முடிந்த வெள்ளம் இன்னும் அதிகம் வடியாமல் நின்றிருந்தது. நாளை மறுநாள் பௌர்ணமி, அதனால் நல்ல ஏற்றம். படகோட்டிக்கு ஐம்பது வயது இருக்கும். "அம்மா, நடுவுல உக்காருங்க, ரெண்டு பக்கமும் பிடிக்க வேணாம், படகு தானா நிக்கும்" என்றார். அம்மா பிடித்துக்கொண்டுதான் இருந்தார். முதல் கால் மணி நேரம் பலகையைத் தவிர எதையும் பார்க்கவில்லை.

அகலமான நீரைக் கடந்து கால்வாய்க்குள் திரும்பியதும் வெயில் போய்விட்டது. மேலே கிளைகள் கூடிக் கூரை போல நின்றன. துடுப்பு நீரில் விழும் சத்தம், எங்கோ ஒரு மீன் துள்ளும் சத்தம், அவ்வளவுதான். சுரபுன்னையின் வேர்கள் மரத்திலிருந்து வளைந்து இறங்கித் தண்ணீரில் ஊன்றியிருக்கும். அதில் சின்னச் சின்ன நண்டுகள் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. அம்மா முதலில் பார்த்தது அதைத்தான். "இது சமைக்கிற நண்டு இல்ல" என்றார். படகோட்டி சிரித்துவிட்டார். பிறகு அம்மா கையை எடுத்துத் தண்ணீரில் விட்டார். எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தார். "உப்பு கம்மியா இருக்கே." மழைக்காலம் முடிந்த கையோடு இருக்கிறோம், வெள்ளாறும் கொள்ளிடமும் கொண்டு வந்த நல்ல தண்ணீர் இன்னும் கலந்திருக்கிறது, சித்திரை வைகாசியில் வந்தால் கரிக்கும் என்று படகோட்டி சொன்னார்.

அரை மணி கழித்து அம்மா கேட்டார்: "ஏன்டா, இதுல அக்கரை எங்க இருக்கு?"

அவருக்குத் தோணி என்றால் அக்கரை போவது. காசு கொடுத்து ஏறினால் எங்காவது போய் இறங்க வேண்டும். நான் என்ன சொல்வது என்று யோசிப்பதற்குள் படகோட்டி, "அக்கரை இல்லம்மா. சுத்திட்டு அதே இடத்துக்குத்தான் வருவோம்" என்றார். அம்மா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "அப்ப மெதுவாவே போங்க" என்றார்.

ஒரு மணி நேரப் படகை இன்னொரு மணி நேரம் நீட்டித்துக்கொண்டோம்.

12 ஜனவரி

நேற்று எழுதியதில் முக்கியமானதை விட்டுவிட்டேன். இதனால் என் முதல் பதிலையே மாற்ற வேண்டியிருக்கிறது.

நாங்கள் ஏறியபோது படகின் விளிம்பு துறைப்படியோடு ஏறக்குறைய சமமாக இருந்தது. அம்மா ஒரு கால் எடுத்து வைத்தார், உள்ளே வந்துவிட்டார். பத்தரை மணிக்குத் திரும்பியபோது வெள்ளம் வடிந்து படகு ஓர் அடிக்கு மேல் கீழே போயிருந்தது. முட்டிவலி உள்ளவருக்கு அந்த ஓர் அடி பெரிய மலை. நானும் படகோட்டியும் ஆளுக்கொரு கை கொடுத்துத்தான் ஏற்றினோம். முதலில் பலகையில் உட்கார வைத்து, பிறகு நிற்க வைத்து, அதன்பிறகு படி.

ஐந்தாம் தேதி வெள்ளத்தைப் பற்றி எழுதும்போது கால்வாயை மட்டும் நினைத்தேன். முட்டியை நினைக்கவில்லை. வயதானவர்களோடு போகிறவர்கள் ஏற்றம் முடிவதற்கு ஒரு மணி முன்னால் ஏறி, முடிந்த கையோடு திரும்பிவிடுங்கள். ஏறும்போதும் இறங்கும்போதும் படகு உயரமாக நிற்கும்.

இரண்டாவது, பெரியவர்களுக்குச் சுண்ணாம்பாறுதான் என்று நான் சொன்னது தூரத்தை மட்டும் பார்த்துச் சொன்னது. பாரடைஸ் பீச்சில் இறங்கினால் மணலில் நடக்க வேண்டும். நிழல் குறைவு. ஏழு வயதுப் பெண்ணுக்கு அது சொர்க்கம், 72 வயதுக்காரருக்கு மணலில் நடப்பது வேலை. பிச்சாவரத்தில் காரில் உட்கார்ந்து போவது நீளம்தான். ஆனால் படகில் உட்கார்ந்த பிறகு நிழல். இறங்கி நடக்க வேண்டியதில்லை. அம்மா வீட்டுக்கு வந்து களைப்பு என்று படுக்கவில்லை, பக்கத்து வீட்டுக்குக் கதை சொல்லப் போய்விட்டார்.

ஆகவே திருத்திச் சொல்கிறேன்: மகளுக்காக என்றால் சுண்ணாம்பாறு, அப்பா அம்மாவுக்காக என்றால் பிச்சாவரம். நீங்கள் மூன்று தலைமுறை. அதை நீங்களே முடிவு செய்யுங்கள்.

பிச்சாவரமே என்றால் 15-ஆம் தேதி, மாட்டுப் பொங்கலன்று, காலை ஒன்பதுக்கு ஏறுங்கள். என் கணக்கில் பத்து மணி வாக்கில் வெள்ளம் ஏறி முடியும். எதற்கும் போன் போட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள்.

12 ஜனவரி, மாலை

இன்னும் சில சின்ன விஷயங்கள். கழிப்பறைக்குப் போய்விட்டு ஏறுங்கள், உள்ளே இடம் இல்லை. தொப்பி எல்லோருக்கும் வேண்டும். குடை வேண்டாம், காற்றுப் பிடித்தால் படகோட்டிக்குச் சிரமம். பிளாஸ்டிக் பை எதையும் படகில் எடுத்துப் போகாதீர்கள், பறந்து வேரில் சிக்கினால் எடுக்கவே முடியாது. மதியச் சாப்பாட்டுக்குச் சிதம்பரம் பதினைந்து கிலோமீட்டர்தான். கத்தரிக்காய் கொத்சு கிடைத்தால் விடாதீர்கள். புளிசாதம் கட்டிக்கொண்டு போகிறவர்கள் கரையில் சாப்பிடுங்கள். குரங்கு வரும், பையைத் திறந்து வைக்க வேண்டாம்.

13 ஜனவரி

மரங்களைப் பற்றி ஒருவர் சண்டைக்கு வந்திருக்கிறார், சரியான சண்டை. அங்கே இருப்பதெல்லாம் சுரபுன்னைதான் என்பது போல, அதை மட்டும் நான் எழுதியது தவறு. வேர் வளைந்து இறங்கி ஊன்றி நிற்பது சுரபுன்னை. மண்ணுக்குள்ளிருந்து பென்சில் நட்டு வைத்தது போல வேர்கள் மேலே நீட்டிக்கொண்டிருந்தால் அது வெண்கண்டல். சேற்றுக்குள் காற்று இல்லாததால் வேர் மேலே வந்து மூச்சு விடுகிறது. வெண்கண்டல் இலையைத் தடவி நாக்கில் வைத்தால் உப்புக் கரிக்கும். குடித்த உப்பை இலை வழியாக வெளியே தள்ளும். சுரபுன்னை வேறு வழி வைத்திருக்கிறது, உப்பில் பெரும்பகுதியை வேரிலேயே வடிகட்டிவிடும். அதன் விதை மரத்தில் இருக்கும்போதே முளைத்து, முருங்கைக்காய் போல நீளமாகத் தொங்கும். விழுந்தால் நேரே சேற்றில் குத்திக்கொள்ளும், இல்லையென்றால் மிதந்து போய் வேறெங்காவது ஊன்றும். மகளுக்கு அதைக் காட்டுங்கள்.

மூன்றாவது தில்லை. அதை ஒடிக்காதீர்கள். அதன் பால் கண்ணில் பட்டால் கடுமையாக எரியும். சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயரே இந்த மரத்தால்தான். கோயிலின் தல மரம் இது. ஊருக்குள் மரத்தைத் தேடிப் பார்க்காமல் போனவர்கள் இங்கே வந்தால் பார்த்துவிடலாம்.

13 ஜனவரி, இரவு

மரங்களைப் பற்றிச் சண்டைக்கு வந்த அதே நண்பர் கேட்டது: "இந்தக் காடு எப்போதும் இப்படியே இருந்ததா?"

இல்லை. வெள்ளைக்காரர் காலத்திலிருந்து 1970-கள் வரை விறகுக்காகப் பகுதி பகுதியாக முழுக்க வெட்டினார்கள். வெட்டிய இடம் தானாக முளைக்கும் என்று கணக்கு. முளைக்கவில்லை. மரம் போனதும் மண் வெயிலில் காய்ந்து, உள்வாங்கித் தட்டு மாதிரி ஆகிவிட்டது. கடல் ஏறும்போது தண்ணீர் அதற்குள் வரும், இறங்கும்போது வெளியே போக வழியில்லை. தேங்கிக் காய்ந்து உப்பு ஏறிக்கொண்டே போனது. எந்த விதையும் பிழைக்கவில்லை.

1990-களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் சேர்ந்து செய்தது எளிமையானது: மீன் முள் போலக் கால்வாய் வெட்டினார்கள். நடுவில் ஒன்று, இருபக்கமும் சாய்வாகக் கிளைகள். தண்ணீர் வந்து போக ஆரம்பித்ததும் உப்பு குறைந்தது, நட்ட கன்றுகள் பிடித்தன. அந்த வேலையில் அங்கிருந்த ஊர்க்காரர்களும் சேர்ந்திருந்தார்கள். 2022-இல் பிச்சாவரம், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது.

சுனாமியின்போது இந்தக் காட்டுக்குப் பின்னால் இருந்த குடியிருப்புகளில் சேதம் குறைவு. இதைப் படகோட்டி சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அம்மா இருந்ததாலோ என்னவோ, அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. திரும்பி வரும்போது காரில் அம்மாவே சொன்னார்: "இந்த மரமெல்லாம் அன்னிக்கும் இருந்திருக்குமில்ல." ஆமாம் என்றேன்.

15 ஜனவரி, இரவு

ஈரோட்டுக்காரர் எழுதியிருக்கிறார். பிச்சாவரம் போய்விட்டார்கள், துடுப்புப் படகு, ஒன்பதேகாலுக்கு ஏறியிருக்கிறார்கள். அப்பா படியில் சிரமப்படவில்லை. மகள் முளைத்த விதை ஒன்று மிதந்து போனதைப் பார்த்து, அது எந்த ஊருக்குப் போகிறது என்று கடைசிவரை கேட்டுக்கொண்டே இருந்தாளாம். படகோட்டி, "பரங்கிப்பேட்டை" என்று பதில் சொன்னாராம். குழந்தை ஒத்துக்கொண்டது. எனக்கும் சரியாகத்தான் படுகிறது, வெள்ளாற்று முகத்துவாரம் அங்கேதான்.

கழுத்தளவு நீரில் நின்று கையாலேயே துழாவிக்கொண்டிருந்தவர்களைப் பார்த்ததாகவும், என்ன செய்கிறார்கள் என்றும் கேட்டிருக்கிறார். அவர்கள் இருளர். இறால் பிடிக்கிறார்கள். வலை இல்லை, கைதான். கழுத்தில் பையைக் கட்டிக்கொண்டு, பிடித்ததை அதில் போட்டுக்கொண்டே நகர்வார்கள். மணிக்கணக்கில் தண்ணீரிலேயே இருக்க வேண்டிய வேலை. அவர்கள் பக்கத்தில் மோட்டார் படகு அலையை எழுப்பிக்கொண்டு போனால் சேறு கலங்கிவிடும். துடுப்புப் படகு வேண்டும் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம், முன்பே எழுதியிருக்க வேண்டும்.

19 ஜனவரி

நேற்று தை ஐந்து, பெண்ணையாற்றில் ஆற்றுத் திருவிழா. படகு இல்லை, ஆனால் ஆற்றில் ஒரு நாள் என்றால் எங்கள் ஊரில் முதலில் இதுதான். சுற்றுவட்டாரக் கோயில்களிலிருந்து சாமிகள் தீர்த்தவாரிக்கு ஆற்றுக்கு வரும். மணலில் கடை போடுவார்கள். சுருளிக் கிழங்கு இந்தத் திருவிழாவில்தான் கிடைக்கும் என்பது போல எல்லோர் கையிலும் ஒரு பை.

இந்த முறை ஆற்றைப் பார்க்க வேறு மாதிரி இருந்தது. டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயலுக்குப் பிறகு சாத்தனூர் அணை திறந்து பெண்ணை கரை தாண்டியபோது, இதே ஆறு எங்கள் ஊரின் எத்தனையோ தெருக்களுக்குள் வந்தது. ஆறு வாரம்தான் ஆகிறது. அதே மணலில் ராட்டினம் சுற்றுகிறது. கரையோரம் வீடு இழந்த ஒரு பெண்மணி கிழங்கு விற்றுக்கொண்டிருந்தார். "ஆத்து மேல கோவம் இல்லீங்களா" என்று என் மனைவி கேட்டாள். "அது வர்றப்ப வரும்" என்று சொல்லி இரண்டு கிழங்கு கூடப் போட்டார்.

பெண்ணையில் படகு விட வேண்டும் என்று இங்கே இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள். வருடத்தில் பாதி நாள் மணலாகக் கிடக்கும் ஆறு அது. தாழங்குடா முகத்துவாரத்தில் மட்டும் தண்ணீர் நிற்கும், அங்கே மீன்பிடிப் படகுகளுக்கே இடம் போதவில்லை. எனக்கு இதில் ஆசை இல்லை. உப்பனாற்றில் துடுப்புப் படகு விடலாம், அதற்கு முதலில் அதில் கழிவு விழுவது நிற்க வேண்டும். அந்த ஆற்றில் நான் நீந்தியிருக்கிறேன். இப்போது என் பிள்ளைகளை இறங்க விடமாட்டேன்.

20 ஜனவரி

திருப்பாதிரிப்புலியூரை ஏன் விட்டீர்கள் என்று ஒரு பெரியவர் கேட்கிறார். ஐயா, விடவில்லை, நேரம் வரவில்லை. கடலூருக்கு வந்த பழைய பயணங்களில் பெரியது அப்பர் பயணம்தான். கல்லைக் கட்டிக் கடலில் போட்டார்கள். நமச்சிவாயப் பதிகம் பாடக் கல் மிதந்து கரை சேர்ந்தது என்பது நம் ஊர் நம்பிக்கை. கரையேறவிட்டகுப்பம் என்ற பெயரிலேயே அந்தக் கதை இருக்கிறது. சின்ன வயதில் பாட்டி இதைச் சொல்லும்போது, அப்பர் எந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருப்பார் என்று கேட்பேன். கரையைப் பார்த்து என்பார் பாட்டி.

13 மார்ச்

இழை தூங்கிவிட்டது, எழுப்புகிறேன். நேற்று மாசி மகம். ஸ்ரீமுஷ்ணம் பூவராகர் தீர்த்தவாரிக்குக் கிள்ளைக் கடற்கரைக்கு வருவார். அங்கே தர்கா தரப்பில் இஸ்லாமியர்கள் சாமிக்கு மரியாதை செய்வார்கள். பல தலைமுறையாக நடக்கிற வழக்கம். அம்மா பார்க்க வேண்டும் என்றார், போனோம். நல்ல கூட்டம்.

திரும்பும்போது பிச்சாவரம் பக்கம் வண்டியைத் திருப்பச் சொன்னார். படகில் ஏற நேரமில்லை. துறையில் நின்று ஜனவரியில் வந்த படகோட்டியைத் தேடினார். அவர் தண்ணீருக்குள் போயிருந்தார், திரும்பி வரும்வரை அரை மணி காத்திருந்தோம். அவருக்கு அம்மாவை நினைவிருந்தது. "அக்கரை கேட்டவங்கதானே" என்றார்.

29-ஆம் தேதி சனிக்கிழமை, அமாவாசை. வெள்ளம் காலையில் ஒன்பதை ஒட்டி ஏறி நிற்கும், எட்டுக்கெல்லாம் வந்துவிடுங்கள், வெயில் இப்போதே ஏற ஆரம்பித்துவிட்டது என்றார். அம்மா சின்னம்மாவையும் கூப்பிட்டிருக்கிறார். சின்னம்மா 2004-இல் சிங்காரத்தோப்பில் இருந்தவர். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. "துடுப்புதானே?" என்று மட்டும் கேட்டாராம்.